720 கைவந்துவிட்டது, அடுத்து 1080ஆ, டபுள் கார்க்கா, மறுபக்கமா?

பழகிய பக்கத்தில் 720 (720 பாகை, அதாவது காற்றில் இரண்டு முழுச் சுற்று) பத்துக்கு எட்டு முறை நின்று இறங்குகிறது. அடுத்து எதைக் கற்பது? ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் இடைநிலையைத் தாண்டுகிற எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. சுற்றின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அச்சைச் சாய்த்துத் தலைகீழ்க் கரணத்தைச் சேர்க்கலாம், அதற்குத்தான் கார்க் என்று பெயர். அதே 720ஐ எதிர்ப்பக்கமாகவோ, பின்னோக்கி ஏறியோ கற்கலாம். இருப்பதையே கடினமான கிராப்போடு, அதாவது காற்றில் ஸ்கீயைக் கையால் பிடித்தபடி, செய்யலாம். நான்குக்கும் 'கடினம்' என்றுதான் பெயர், ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் விலை வேறு.

எண்ணைப் பார்த்து மயங்குவதில் வியப்பில்லை. 1998ல் சாலமன் நிறுவனம் இருமுனையும் வளைந்த ஸ்கீயைக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயரே 'டென் எய்ட்டி'. 1080, மூன்று முழுச் சுற்று. அன்று விளம்பரத்துக்கு ஏற்ற பெரிய எண். 2022 ஜனவரியில் ஆஸ்பென் எக்ஸ் கேம்ஸில் பிரான்சின் டெஸ் லெதூ 1620ஐ இறக்கினார். 2025 ஜனவரியில் அதே ஆஸ்பெனில் இத்தாலியின் மிரோ தபனெல்லி 2340 வரை போய்விட்டார், ஆறரைச் சுற்று. இந்த ஏணியைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அடுத்த படி 900, அதற்கடுத்தது 1080 என்றுதான் தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு அது சரியான வரிசை அல்ல என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதற்கு முன், எதை வைத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

## எதை வைத்து அளப்பது

புள்ளி. ஸ்லோப்ஸ்டைல் (தடைகளும் தாவல்களும் வரிசையாக வரும் ஓட்டம்), ஹாஃப்பைப் (இருபுறமும் சுவர் உள்ள அரைக்குழாய்), பிக் ஏர் (ஒரே பெரிய தாவல்) மூன்றிலும் நடுவர்கள் கடினம், செய்நேர்த்தி, உயரம், பலவகைமை, புதுமை ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்கிறார்கள். கடினம் அதில் ஒன்று மட்டுமே.

காற்றில் தேவைப்படும் நேரம். இது கிக்கரின், அதாவது தாவுவதற்கான பனி மேட்டின், அளவையும் நீங்கள் வரும் வேகத்தையும் பொறுத்தது. உங்கள் மலையில் இருக்கும் மிகப் பெரிய கிக்கர் தரும் நேரத்தைவிட அதிகம் கேட்கும் வித்தையை, எவ்வளவு ஆசைப்பட்டாலும் கற்க முடியாது.

தவறினால் எப்படி விழுவீர்கள். எல்லா வித்தையும் தவறும். பக்கவாட்டில் விழுவதும் கழுத்தில் விழுவதும் ஒன்றல்ல.

எங்கே கற்கலாம். டிராம்போலின், ஏர்பேக் (விழுவதைத் தாங்கும் பெரிய காற்றுப்பை), நீரில் விழும் சாய்தளம், நேராகப் பனி. சில வித்தைகளுக்கு ஏர்பேக் இல்லாமல் தொடங்கவே கூடாது. சிலவற்றுக்கு ஏர்பேக்கால் பெரிய பயனில்லை.

எந்தப் பக்கம் பார்த்து இறங்குகிறீர்கள். பலரும் மறந்துபோகும் அளவுகோல் இதுதான். 360, 720, 1080, 1440 எல்லாம் ஏறிய திசையிலேயே இறங்குபவை. 540, 900, 1260, 1620 திசையை மாற்றிவிடும்: முன்னோக்கி ஏறினால் பின்னோக்கி இறங்குவீர்கள். ஸ்லோப்ஸ்டைலில் அடுத்த தடை சில வினாடிகளில் வந்துவிடும் என்பதால் இது ஓட்டத்தின் திட்டத்தையே புரட்டிப் போடும்.

## வழி 1: சுற்றைக் கூட்டுவது

இதிலிருக்கும் கணக்கு எளிது, ஆனால் கொடூரமானது. 1.5 வினாடி காற்றில் இருந்து 720 சுற்றுகிறீர்கள் என்றால் வினாடிக்கு 1.33 சுற்று. அதே வேகத்தில் 1080 வேண்டுமானால் 2.25 வினாடி தேவை. நேரம் ஒன்றரை மடங்கு, ஆனால் உயரம் நேரத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 2.25 மடங்கு. கிக்கர் மாறாமல் 1.5 வினாடியிலேயே 1080 முடிக்க வேண்டுமென்றால் வினாடிக்கு 2 சுற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: கொஞ்சம் பெரிய கிக்கர், கொஞ்சம் வேகமான சுழற்சி.

வேகம் எங்கிருந்து வரும்? கிக்கரின் விளிம்பை விட்ட கணத்தில் உடலுக்குள் இருக்கும் சுழல் உந்தம் இறங்கும்வரை மாறாது. அதன்பின் மாற்றக்கூடியது உடலின் பரவல் மட்டும்: கைகளை ஒட்டவைத்து, முழங்காலை மடக்கி, ஸ்கீயை உடலுக்கு அருகே இழுத்தால் சுழற்சி வேகமெடுக்கும். ஒரு மீட்டர் எழுபது, எண்பது சென்டிமீட்டர் நீள ஸ்கீ காலில் இருக்கும்போது அதை உள்ளே இழுப்பதால் வரும் வித்தியாசம் பெரிது. கிராப் பிடித்தபடி சுற்றுபவர், காற்றில் கை வீசிச் சுற்றுபவரைவிட எளிதாக 900ஐ முடிப்பது அதனால்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, விளிம்புக்கு முன்பே சுற்றத் தொடங்குவது. கூடுதல் சுற்று வேண்டும் என்ற அவசரத்தில் தோள் முன்கூட்டியே திரும்பும், எடை உள்ளங்காலிலிருந்து ஓர் ஓரத்துக்கு வழுக்கும், உதைப்பு போய்விடும். உயரம் குறைந்து, அச்சும் தற்செயலாகச் சாயும். பிறகு 'சுழற்சி போதவில்லை' என்று அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே திருப்புவார்கள். இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, சிறிய கிக்கருக்குத் திரும்பி, 360ஐ நேரான உதைப்போடு மெதுவாகச் செய்வதுதான்.

தவறினால்: சுற்று 90 பாகை குறைந்தால் ஸ்கீ இறங்குதளத்துக்குக் குறுக்காக விழும், ஓரம் பனியில் மாட்டும், முழங்கால் முறுகும். இந்த விளையாட்டில் முன்சிலுவைத் தசைநார்க் கிழிவு அடிக்கடி கேட்கும் காயம். ஏர்பேக்கில் இதே தவறு தெரியவே தெரியாது, குறுக்காக விழுந்தாலும் பை ஏற்றுக்கொள்ளும். ஏர்பேக்கில் 'இறங்கிய' 900, பனியில் 810 ஆகத் தெரியவருவது இப்படித்தான்.

மறைசெலவு: 900 பின்னோக்கி இறங்கும். ஸ்விட்சில், அதாவது பின்னோக்கி, சறுக்கத் தெரியாமல் 900ஐத் தொடுவது, தரையிறங்கத் தெரியாமல் பறக்கக் கற்பது போல.

எப்போது இது சரி: பிக் ஏர் மட்டும் போட்டியிடுபவர், ஏற்கெனவே இரு பக்கமும் சுற்றத் தெரிந்தவர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதி இதற்கு நல்ல பாடம். மூன்று தாவலில் சிறந்த இரண்டு கணக்கு, அவை வெவ்வேறு திசையில் சுற்றியிருக்க வேண்டும். சீனாவின் ஐலீன் கூவிடம் இருந்தவை 93.75, 88.50. லெதூவின் கூட்டு 187.50. 93.75ஐ வைத்துக்கொண்டு, மற்றதை 93.75க்கு மேல் கொண்டுபோனால்தான் தங்கம். 88.50 வாங்கிய தாவலை மெருகேற்றி அத்தனை தூரம் தாண்டுவது கடினம். போட்டியில் அதுவரை செய்திராத இடப்பக்க டபுள் கார்க் 1620ஐச் செய்தார், 94.50 வந்தது, மொத்தம் 188.25. எண்ணைக் கூட்டுவது சரியான பதிலாக இருக்கும் நிலைமை இதுதான்: மற்ற வழிகள் தீர்ந்துவிட்டன, தேவைப்படும் புள்ளியும் கையில் எண்ணாகத் தெரிகிறது.

## வழி 2: அச்சைச் சாய்ப்பது

கார்க் என்றால் உடல் செங்குத்தாகப் பம்பரம்போல் சுற்றாமல், சாய்ந்த அச்சில் சுற்றுவது. டபுள் கார்க்கில் இருமுறை தலை கீழே போய் வரும். டிரிபிளில் மூன்று முறை. 2017ல் ஆண்ட்ரி ராகெட்லி நான்கு முறை போய் வந்து 1800 சுற்றினார். போட்டியில் டிரிபிள் கார்க் இறக்கிய முதல் பெண் கனடாவின் மேகன் ஓல்டம், 2023 ஜனவரி, ஆஸ்பென்.

தலைகீழாகப் போவது நேராகச் சுற்றுவதைவிட எப்போதும் கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார்கள். முழு உண்மை அதுவல்ல. சாய்ந்த அச்சில் ஒவ்வொரு சுற்றிலும் இறங்குதளம் கண்ணில் படும் ஒரு கணம் உண்டு. செங்குத்தாக வேகமாகச் சுற்றும்போது அந்தக் கணம் சிதறிவிடும். பலருக்குச் சமதளச் சுழற்சி (கரணமில்லாமல் செங்குத்தாகச் சுற்றுவது) 1080ஐவிட டபுள் கார்க் 1080 இயல்பாக வருவதற்குக் காரணம் இது.

ஆனால் தவறினால் விலை வேறு. சுழற்சி குறைந்தால் முழங்கால், கரணம் குறைந்தால் முதுகு, தோள், கழுத்து. டபுள் கார்க்கின் ஆபத்தான இடம் முதல் கரணத்துக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட நொடி. அங்கே பயந்து உடலை விரித்தால் சுழற்சி மந்தமாகும், இரண்டாவது கரணம் பாதியில் நிற்கும், பனியை முதுகால் சந்திப்பீர்கள். அதனால் இதில் 'பாதி முயற்சி' என்று ஒன்று கிடையாது. 900ஐப் பாதியில் கைவிட்டு 720 ஆக இறக்க வழியுண்டு. டபுளைப் பாதியில் கைவிட நல்ல இடமே இல்லை.

கற்கும் வரிசை: கார்க் 720, பிறகு கார்க் 900, அதன்பின் டபுள் கார்க் 1080. இடையில் டிராம்போலினில் இரட்டைக் கரணமும் முறுக்கும், பிறகு ஏர்பேக். எங்கள் கைக்கணக்கு: ஏர்பேக்கில் தொடர்ந்து பத்து முறை காலில் இறங்கிய பிறகே பனி. நடுவில் ஒன்று முதுகில் விழுந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து. கடுமையாகத் தெரியும். பனி அதைவிடக் கடுமை.

மறைசெலவு: ஏர்பேக் உள்ள முகாம்கள், அங்கே போய்வரும் பயணம், பயிற்சியாளர். இவை இல்லாத இடத்தில் இந்த வழியே உங்களுக்குத் திறந்திருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கரணம் பழகியவர் எல்லாவற்றையும் கார்க்காகவே செய்யத் தொடங்குவார், சமதளச் சுழற்சி மழுங்கும். நேராகச் சுற்றும் 540ஐ மறந்துபோனவர்களை டபுள் கார்க் முகாம்களில் தாராளமாகப் பார்க்கலாம்.

## வழி 3: திசையை மாற்றுவது

சுழற்சிக்குத் திசை நான்கு: முன்னோக்கி இடம், முன்னோக்கி வலம், ஸ்விட்ச் இடம், ஸ்விட்ச் வலம். பெரும்பாலோரிடம் ஒன்றுதான் உறுதியாக இருக்கும், இரண்டாவது அரைகுறை. மற்ற இரண்டையும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று வைத்திருப்பார்கள்.

நடுவர் மேசையில் இது எப்படித் தெரியும்? மூன்று கிக்கர் உள்ள ஸ்லோப்ஸ்டைலில் மூன்றிலும் ஒரே பக்கம் 1080 சுற்றுபவரைவிட, இடம் 900, வலம் 720, ஸ்விட்ச் 900 என்று இறக்குபவரின் ஓட்டம் பலவகைமையில் முன்னால் நிற்கும். பிக் ஏரில் அது விருப்பமல்ல, விதி. ஒரே பக்கம் மட்டும் 1440 தெரிந்தவரின் இரண்டாவது தாவல் கணக்கிலேயே வராது.

ஹாஃப்பைப்பில் இதைவிடக் கூர்மை, ஏனென்றால் 6.7 மீட்டர் உயர இரு சுவர்களும் மாறி மாறி வரும். 2018 பியோங்சாங்கில் டேவிட் வைஸ் நான்கு திசையிலும் டபுள் கார்க் செய்த ஓட்டத்துக்கு 97.20 பெற்றுத் தங்கம் வென்றார். வெள்ளி வென்ற அலெக்ஸ் ஃபெரெய்ராவுக்கு 96.40. முதல் இரண்டு ஓட்டத்திலும் வைஸின் ஸ்கீ காலைவிட்டுக் கழன்றுபோனது, மூன்றாவதில்தான் எல்லாம் கூடிவந்தது. 2022ல் நியூசிலாந்தின் நிகோ போர்ட்டியஸ் அடுத்தடுத்த சுவர்களில் எதிரெதிர்த் திசையில் 1620 சுற்றி வென்றார். எண் ஏறிவிட்டது, உண்மை. ஆனால் இரு பக்கமும் சுற்றத் தெரிந்தவர் கையில்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இந்த வழி கூடுதல் காற்று நேரம் கேட்பதில்லை. உங்கள் 720ஐத் தாங்கும் கிக்கரே மறுபக்க 720க்கும் போதும். பெரிய கிக்கர் இல்லாத மலைகளில் பழகுபவருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எதிர்ப்பக்கத்தை எப்படித் தொடங்குவது? கௌரவம் பார்க்காமல், அடியிலிருந்து. மூன்று முதல் ஐந்து மீட்டர் கிக்கரில் 180, பிறகு 360. இங்கே டிராம்போலின் பாதிதான் உதவும். உடல் எந்தப் பக்கம் முறுக வேண்டும் என்று அது சொல்லித்தரும், ஆனால் கிக்கரில் எந்த ஓரத்தில் எடை வைத்து உதைப்பது என்பதைச் சொல்லாது. எதிர்ப்பக்கத்தில் எல்லோருக்கும் கெட்டுப்போவது அந்த ஓரம்தான். தலை சரியாகத் திரும்பும், கால் மட்டும் பழைய பக்கத்துக்கே உதைக்கும். விளைவு, பக்கவாட்டில் நழுவி இறங்குதளத்தின் ஓரத்துக்குப் போவது. இதைத் திருத்தக் கிக்கரே வேண்டாம்: சமதளத்தில் சறுக்கியபடி எதிர்ப்பக்க 180ஐ நாளுக்கு முப்பது முறை.

ஸ்விட்ச் கதை வேறு. பின்னோக்கி ஏறும்போது தோளுக்கு மேலாகத்தான் விளிம்பைப் பார்க்க முடியும், வேகத்தைக் கணிப்பது கடினம். பலர் கடைசி நொடியில் லேசாக அணைத்துவிட்டு, நக்கிள் எனப்படும் சரிவு தொடங்கும் மேட்டின் முனையிலேயே விழுவார்கள். சமதளத்தில் விழும் அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான். அதனால் முதலில் சுற்றாமல், ஸ்விட்சில் வெறுமனே நேராகத் தாவிப் பழகுங்கள். பதிலுக்கு ஒரு சலுகை உண்டு: ஸ்விட்ச் 540, ஸ்விட்ச் 900 இரண்டும் முன்னோக்கி இறங்கும். இறங்குதளத்தைப் பார்த்தபடி, பழகிய நிலையில். முன்னோக்கி ஏறும் 900ஐவிட ஸ்விட்ச் 900 சுலபம் என்று பலர் சொல்வதன் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

மறைசெலவு: ஏறக்குறைய ஒரு சீசன் முழுக்கப் பின்னோக்கிப் போனதுபோல் இருக்கும். வீடியோவில் காட்ட ஒன்றும் இருக்காது. உபகரணமும் மாறலாம். பூட்ஸை ஸ்கீயோடு இணைக்கும் பைண்டிங்கை ஸ்கீயின் நடுவிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் பின்னால் பொருத்தியவர்களுக்கு, ஸ்விட்சில் ஏறும்போது முன்னே போகும் வால் குட்டையாகவும், பின்னே வரும் மூக்கு நீளமாகவும் இருந்து சமநிலை தடுமாறும். நடுவுக்கு அருகே மாற்றிப் பொருத்தினால் சரியாகும், ஆனால் ஆழமான புதுப்பனியில் மூக்கு அமுங்கும் குறை வந்து சேரும்.

## வழி 4: கிராப்பும் பட்டரும்

சுற்றை மாற்றாமல், செய்யும் விதத்தைக் கடினமாக்குவது. சேஃப்டி கிராப் எளிது: அதே பக்கக் கையால் பூட்ஸுக்கு வெளிப்புறம் ஸ்கீயைப் பிடிப்பது. மியூட்டில் கை குறுக்கே போய் எதிர் ஸ்கீயைப் பிடிக்கும். ஜப்பானில் கை பூட்ஸுக்குப் பின்புறமாகப் போகும். ஸ்கீயின் வால்பக்கத்தைப் பிடிக்கும் டெயிலும் பிளன்ட்டும் இன்னும் தொலைவு. தொலைவான கிராப் உடலை விரிக்கும், விரிந்தால் சுழற்சி குறையும். ஆகவே டெயில் பிடித்த 720, சேஃப்டி பிடித்த 900க்கு நெருக்கமான உழைப்பைக் கேட்கலாம். தொட்டுவிட்டுக் கையை எடுப்பதை நடுவர்கள் கிராப்பாக எண்ணுவதில்லை. சுற்றில் பாதியாவது பிடித்திருக்க வேண்டும் என்று வைத்துப் பழகுங்கள்.

நோஸ் பட்டர் என்பது விளிம்புக்குச் சற்று முன் ஸ்கீ மூக்கின்மேல் எடையைச் சாய்த்து, பனியிலேயே சுழற்சியைத் தொடங்குவது. ஹென்ரிக் ஹார்லவுட் 2013ல் ஆஸ்பெனில் நோஸ் பட்டர் டிரிபிள் கார்க் 1620 செய்தபோது, உதைப்பைத் தியாகம் செய்தும் அத்தனை சுற்றும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். சாதாரணமாக நோஸ் பட்டர் உயரத்தைத் தின்னும், எனவே 720ஐப் பட்டரோடு செய்ய ஒரு படி பெரிய கிக்கர் வேண்டும்.

காயத்திலிருந்து திரும்புபவருக்கும், கிக்கர் சிறிதாக உள்ள இடத்தில் இருப்பவருக்கும் கிராப் நல்ல வழி. புதிய ஆபத்து மிகக் குறைவு.

## ஒரே பார்வையில்

| | சுற்று | அச்சு | திசை | கிராப், பட்டர் |
|---|---|---|---|---|
| கூடுதல் காற்று நேரம் | அதிகம் | நடுத்தரம் | இல்லை | கிராப்புக்குக் குறைவு, பட்டருக்கு உண்டு |
| தவறினால் | முழங்கால் | முதுகு, தோள், கழுத்து | பக்கவாட்டு வீழ்ச்சி, நக்கிள் | பெரும்பாலும் சாதாரண வீழ்ச்சி |
| ஏர்பேக் | உதவும், ஏமாற்றவும் செய்யும் | கட்டாயம் | அதிகம் தேவையில்லை | தேவையில்லை |
| மறைசெலவு | பின்னோக்கி இறங்குதல் | முகாம், பயணம் | ஒரு சீசன் பொறுமை, பைண்டிங் | சுழற்சி மந்தமாதல் |
| யாருக்கு | பிக் ஏர், இரு பக்கமும் தெரிந்தவர் | வசதியும் பயிற்சியாளரும் உள்ளவர் | ஸ்லோப்ஸ்டைல், ஹாஃப்பைப், சிறிய மலை | காயத்திலிருந்து திரும்புபவர் |

## ஏரியல்ஸில் மட்டும் கணக்கு வேறு

ஒரே தாவலில் கரணமும் முறுக்கும் செய்யும் ஏரியல்ஸ் போட்டியாளருக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அங்கே ஒவ்வொரு வித்தைக்கும் அச்சிட்ட கடின எண் உண்டு. நடுவர் தரும் புள்ளியை (அதிகபட்சம் 30) அதனால் பெருக்குவார்கள். 2022ல் சீனாவின் சீ குவாங்பு 5.000 கடின எண்ணோடு 129.00 பெற்று வென்றார், அதாவது 30க்கு 25.8.

முடிவெடுக்க ஒரு வகுத்தல் போதும். உங்களிடம் 4.525 தாவல் இருக்கிறது, 5.000ஐக் கற்கலாமா என்று யோசிக்கிறீர்கள். 4.525ஐ 5.000ஆல் வகுத்தால் 0.905. புதிய தாவலில் உங்கள் புள்ளி 9.5 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் நட்டம். பழையதில் 26 வாங்குபவர் புதியதில் 23.5க்குக் கீழே போனால், இன்னும் காலம் வரவில்லை என்று பொருள். இறங்குதலுக்கே 30 சதவீதம் எடை உள்ளதால், கை பனியைத் தொட்டாலே இந்த இடைவெளி கரைந்துபோகும். 2010 வான்கூவரில் ஜெரெட் பீட்டர்சன் மூன்று கரணம், ஐந்து முறுக்கு கொண்ட 'ஹரிக்கேன்' தாவலை நிறைவாக இறக்கினார். ஆனாலும் இரு தாவலின் கூட்டில் 247.21. பெலாரஸின் அலெக்சி கிரிஷின் 248.41 எடுத்துத் தங்கம் கொண்டுபோனார்.

## பனிக்குக் கொண்டுபோகும் நாள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் நாள் ஒழுங்கு ஒன்றே. முதலில் சுற்றாமல் இரண்டு முறை நேராகத் தாவி வேகத்தைச் சரிபாருங்கள். காலையில் உறைந்த பனியில் இருந்த வேகம் மதியம் இளகிய பனியில் இருக்காது. எதிர்க்காற்று வீசினால் தொடங்கும் இடத்தை மேலே நகர்த்துவதைவிட, அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது. பழகிய 720 ஒன்றைச் செய்து, உதைப்பு நேராக இருக்கிறதா என்று யாரையாவது பக்கத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதன்பிறகே புதியது.

பைண்டிங் கழலும் அளவை அன்று காலையில் ஏற்றாதீர்கள். காற்றில் ஸ்கீ கழன்றுவிடும் என்ற பயத்தில் ஏற்றுபவர்கள் உண்டு. ஏற்றிய பைண்டிங், குறுக்காக விழும்போது கழலவேண்டிய நேரத்தில் கழலாது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால், பழகிய வித்தைகளோடு ஒரு வாரம் முன்பே மாற்றிப் பாருங்கள்.

மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம். நான்காவதில் கால் தளர்ந்திருக்கும், ஆனால் அது உங்களுக்குத் தெரியாது. வீடியோவில் உதைப்பின் உயரம் மட்டும் குறைந்திருக்கும்.